ஒரு சதவீதம்தானே என்கிறார்கள்

மலையில் சுரங்கம் வரப்போகிறது என்று செய்தி வந்தால் கூடவே ஒரு கணக்கும் வந்துவிடும். மொத்தக் காடு இத்தனை ஆயிரம் ஹெக்டேர், நாங்கள் தோண்டப்போவது அதில் இவ்வளவுதான், ஒரு சதவீதம்கூட வராது, மிச்சக் காடு அப்படியே இருக்கும், விலங்குகள் அந்தப் பக்கம் போய்க்கொள்ளும், அப்புறம் என்ன? டிவி விவாதத்தில் இதைச் சொல்வார்கள், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் சொல்வார்கள், நம் நண்பர்களே டீ குடித்துக்கொண்டு சொல்வார்கள். கேட்டால் நியாயமாகத்தான் படும். எனக்கு இந்தக் கணக்கைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

அதற்கு கர்நாடகத்தின் சிக்மகளூர் மாவட்டத்தில் இருக்கும் குதிரேமுக் மலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே சுரங்கம் வந்தது, கால் நூற்றாண்டு ஓடியது, நீதிமன்றம் சொல்லி மூடினார்கள், மூடி இருபது வருடமும் ஆகிவிட்டது. வந்தால் என்ன ஆகும் என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, போய்ப் பார்த்துவிடலாம். நான் வால்பாறைப் பக்கத்துக்காரன், இப்போது பிழைப்பு பெங்களூரில். சோலைக்காடு என்றால் வீட்டு நினைப்பு வந்துவிடும், அதனால் விடுமுறை கிடைத்தால் சிக்மகளூர் மலைகளுக்குப் போய்விடுகிற வழக்கம்.

குதிரேமுக் சிகரம் கடல் மட்டத்திலிருந்து 1,890 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அரபிக்கடலிலிருந்து வரும் மேகம் முதலில் மோதுகிற சுவர்களில் இதுவும் ஒன்று, வருடத்துக்கு 6,000 மில்லிமீட்டரைத் தாண்டி மழை கொட்டும். துங்கா, பத்ரா, நேத்ராவதி மூன்றும் இந்த மலைத்தொகுதியில் கங்கமூலா பக்கம் பிறக்கின்றன. முதல் இரண்டும் கிழக்கே போய்ச் சேர்ந்து துங்கபத்ராவாகி, கிருஷ்ணாவில் கலக்கின்றன. நேத்ராவதி மேற்கே இறங்கி மங்களூரில் கடலைத் தொடுகிறது. இவ்வளவு மழையைத் தாங்கி, வெயில் காலத்திலும் ஓடையை ஓடவிடுவது அங்கிருக்கும் புல்வெளியும் சோலையும்தான். மலை முதுகு முழுக்கப் புல், மடிப்புகளில் மட்டும் குட்டையான, அடர்ந்த, பாசி படிந்த காடு. நீலகிரியிலும் ஆனைமலையிலும் பழனி மலையிலும் மேலே போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கப்பட்டது.

புல்வெளியிலிருந்து சோலைக்குள் காலை எடுத்து வைத்திருக்கிறீர்களா? இரண்டே எட்டில் வெளிச்சம் மங்கிவிடும், காற்று நின்றுவிடும், உடம்பு சில்லென்று ஆகும். மரத்தண்டு எங்கும் பாசியும் சின்னச் சின்ன ஆர்க்கிட்களும், தொட்டால் கை நனையும். கீழே இலைச்சருகு கணுக்கால்வரை, அதில் அட்டைகள் எழுந்து நின்று தேடிக்கொண்டிருக்கும். அந்தச் சருகை விலக்கிப் பார்த்தால் கீழே இருக்கும் மண் கருப்பாக, விரலால் அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்கு மிருதுவாக இருக்கும். எத்தனையோ நூற்றாண்டு உதிர்ந்த இலை அது. இதை டோசர் ஒரு மத்தியானத்தில் வழித்துத் தள்ளிவிடும். இரும்புத் தாது அதற்குக் கீழேதான் இருக்கிறது, எனவே சுரங்கக் கணக்கில் இந்த மண்ணுக்குப் பெயர் மேல்மண், தாதுவை எட்டுவதற்கு முன்னால் அகற்ற வேண்டிய இடைஞ்சல்.

இந்தக் காட்டில் புலி, சிறுத்தை, செந்நாய், கடமான், காட்டுமாடு எல்லாம் உண்டு. இருவாச்சி உண்டு, ராஜநாகம் உண்டு. ஆனால் குதிரேமுக் தேசியப் பூங்கா ஆனதற்கு முக்கியக் காரணம் சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு. 1983-84 வாக்கில் உல்லாஸ் கரந்த் கர்நாடகக் காடுகளில் இந்தக் குரங்குகளைத் தேடி ஆய்வு செய்து, இந்த மலையைப் பாதுகாக்க வேண்டும் என்று சொன்னார், 1987-ல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும், அதுவும் களக்காட்டு மலையிலிருந்து கர்நாடகத்தின் சிர்சி, ஹொன்னாவரம் காடுகள்வரை துண்டு துண்டாக வாழ்கிற இனம் இது. வளர்ந்தவை மொத்தமே 2,500 அளவில்தான் இருக்கும் என்பது மதிப்பீடு.

சோலைமந்தியைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும். அது மரத்தை விட்டு இறங்க விரும்பாத குரங்கு. நாட்டுக்குரங்கு மாதிரி ரோட்டோரம் உட்கார்ந்து சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்குவது அதன் சுபாவம் இல்லை. உச்சிக் கிளைகளிலேயே பழமும் பூச்சியும் தேடி, கிளை விட்டுக் கிளை தாவி, நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கும். கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டிருக்கும்வரைதான் அதற்குக் காடு. பெண் குரங்கு முதல் குட்டி போடவே ஆறு வயதுபோல் ஆகிவிடும், அடுத்த குட்டிக்கு ஏறக்குறைய மூன்று வருடம். இப்படி மெதுவாகப் பெருகுகிற ஒரு உயிர் இழப்பைச் சீக்கிரம் ஈடுகட்ட முடியாது. ஒரு கூட்டத்தில் நான்கு பெண் குரங்குகள் செத்தால் அது ஒரு தலைமுறைக்கான இழப்பு.

சரி, சுரங்கத்துக்கு வருகிறேன். இங்கே இரும்புத் தாது இருப்பது 1913-லேயே கண்டுபிடிக்கப்பட்டது, மைசூர் சமஸ்தான நிலவியல் துறையில் இருந்த சம்பத் ஐயங்கார் என்பவர் கண்டுபிடித்தார். தரம் குறைந்த மேக்னடைட் தாது, மலையோ ஆள் போக முடியாத மலை, அதனால் ரொம்ப காலம் யாரும் தொடவில்லை. 1975-ல் ஈரான் ஷாவின் அரசு கடன் கொடுத்துத் தாதுவையும் வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்பந்தம் போட்டது, 1976-ல் மத்திய அரசு நிறுவனமாக குதிரேமுக் இரும்புத் தாது கம்பெனி உருவானது. 1979-ல் ஈரானில் புரட்சி, ஷா ஓடிவிட்டார், வாங்குவதாகச் சொன்ன ஆள் இல்லை. அதற்குள் இங்கே மலையில் ரோடு, ஆலை, அணை, குழாய் எல்லாம் போட்டாகிவிட்டது. நின்றிருக்க வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றும், ஆனால் அத்தனை கோடி கொட்டிய பிறகு யார் நிறுத்துவார்கள்? 1980-ல் ஆலை ஓட ஆரம்பித்தது, வேறு நாடுகளைத் தேடிப் பிடித்துத் தாதுவை விற்றார்கள். எங்கோ ஒரு நாட்டின் உருக்காலைக்காகத் திட்டமிட்டு, அந்த நாடே வாங்காமல், அதன் பிறகும் இருபத்தைந்து வருடம் அந்த மலையை வெட்டினார்கள்.

தரம் குறைந்த தாது என்று சொன்னேன் இல்லையா, அதை அப்படியே அனுப்ப முடியாது. வெடி வைத்துப் பெயர்த்து, நொறுக்கி, தண்ணீரோடு சேர்த்து மையாக அரைத்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்து எடுக்க வேண்டும். ஆலையின் திட்டத்திறன் வருடத்துக்கு 75 லட்சம் டன் செறிவூட்டிய தாது. அந்த அளவு கிடைக்க ஏறக்குறைய மூன்று மடங்கு பாறையைத் தோண்ட வேண்டும், அதாவது தோண்டியதில் மூன்றில் இரண்டு பங்கு குப்பை. இரும்பு, தண்ணீரில் கலந்த குழம்பாக 67 கிலோமீட்டர் குழாயில் மலையிறங்கி மங்களூர்த் துறைமுகத்துக்குப் போனது. குப்பை எங்கே போகும்? அதற்காக லக்யா என்ற ஓடையின் குறுக்கே சுமார் 100 மீட்டர் உயரத்துக்கு ஒரு அணை கட்டினார்கள். பாசனத்துக்கு இல்லை, மின்சாரத்துக்கு இல்லை, அரைத்த கழிவைக் கொட்டி வைக்க மட்டும்.

இப்போது அந்த ஒரு சதவீதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். குழி மட்டும்தான் சுரங்கமா? குழிக்குப் போகிற லாரி ரோடு, ஆலை, அந்த ஆலைக்கு மின்சாரம் கொண்டுவரக் காட்டைப் பிளந்துகொண்டு வந்த உயர் அழுத்த மின்பாதை, கடல்வரை போகும் குழாய், குழாயைப் பராமரிக்க அதன் கூடவே ஒரு பாதை, கழிவு அணை, வேலை பார்ப்பவர்களுக்காக ஒரு முழு நகரியம், அங்கே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு, அவர்கள் வந்துபோக பஸ். இத்தனையும் சேர்ந்ததுதான் சுரங்கம். இவற்றில் பாதிக்கு ஹெக்டேரில் கணக்குப் போட்டால் பெரிதாக ஒன்றுமே வராது. மின்பாதைக்குக் கீழே மரம் வெட்டிய பட்டை எவ்வளவு அகலம் இருந்துவிடப்போகிறது? ஆனால் அது காட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போகிறது. ஒரு வீட்டின் மொத்தப் பரப்பில் வாசற்கதவு ஒரு சதவீதம்கூட வராது, அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு மிச்சம் தொண்ணூற்றொன்பது சதவீதம் வீடு உங்களுக்குத்தான் என்று சொன்னால் எப்படி இருக்கும்!

இருபது மீட்டர் இடைவெளி காட்டுமாட்டுக்கு ஒன்றுமில்லை, தாண்டிப் போய்விடும். புலிக்கும் ஒன்றுமில்லை, ராத்திரியில் கடந்துவிடும், வண்டி வராமல் இருந்தால். சோலைமந்திக்கு அது ஒரு ஆறு. இந்தப் பக்கக் கூட்டம் இந்தப் பக்கமே, அந்தப் பக்கக் கூட்டம் அந்தப் பக்கமே. வளர்ந்த ஆண் குரங்கு வேறு கூட்டத்துக்குப் போனால்தான் ரத்தம் கலக்கும், போக வழியில்லை என்றால் பத்து இருபது குரங்குகள் தங்களுக்குள்ளேயே பெருகிப் பெருகி நலிய வேண்டியதுதான்.

இது என்ன ஆகும் என்று எங்கள் வால்பாறையில் கண்ணெதிரே பார்க்கலாம். அங்கே சுரங்கம் இல்லை, தேயிலை. நூறு வருடத்துக்கு மேல் முன்னால் காட்டை வெட்டித் தேயிலை போட்டதில் சோலைமந்திகள் ஆங்காங்கே மிஞ்சிய துண்டுகளில் மாட்டிக்கொண்டன. புதுத்தோட்டம் துண்டில் இருக்கும் கூட்டம் வேறு வழியில்லாமல் மரத்தை விட்டிறங்கி ரோட்டைக் கடக்கப் பழகியது, அப்படிக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுச் செத்தவையும் உண்டு. பிறகு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள் ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் கேன்வாஸ் பாலம் கட்டினார்கள், குரங்குகள் வரும்போது வண்டிகளை நிறுத்த ஆட்களையும் நிறுத்தினார்கள். நான் அந்தப் பாலத்துக்குக் கீழே நின்று பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு பெரிய ஆண் வந்து, பாலத்தைக் கையால் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கடந்தது. பின்னால் வயிற்றில் குட்டி தொங்க ஒரு தாய், பாதியில் நின்று கீழே போகும் ஜீப்பைப் பார்த்தது, பிறகு மிச்சத் தூரத்தை ஓடியே கடந்துவிட்டது. நல்ல வேலை, செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் ஒரு காட்டை முழுசாக வைத்திருந்தால் தேவையே இல்லாத பாலம் அது, அதையும் மறக்க முடியவில்லை. வால்பாறை அனுபவம் கையில் இருக்கும்போதே நாம் இன்னொரு மலையைத் துண்டு போடக் கிளம்புகிறோம் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அடுத்தது தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹெக்டேர் கணக்கு முழுசாகப் பொய்த்துப்போவது இங்கேதான். இவ்வளவு மழை பெய்கிற சரிவில் புல்லையும் மண்ணையும் நீக்கிப் பாறையைத் திறந்து வைத்தால் ஒவ்வொரு மழையும் மலையைக் கொஞ்சம் கரைத்து பத்ராவில் விடும். ஜெகதீஷ் கிருஷ்ணசாமி முதலானோர் பத்ராவில் வண்டலை அளந்து ஆய்வு செய்தார்கள். ஆறு பிடிக்கிற மொத்த நிலத்தில் சுரங்கப் பகுதி சின்னப் பங்குதான், ஆனால் ஆற்றில் வந்த வண்டலில் அந்தப் பரப்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. அதுவும் சில பெருமழை நாட்களில்தான் பெரும்பாலான வண்டல் இறங்கிவிடும், வெயிலடிக்கும் நாளில் போய்ப் பார்க்கும் அதிகாரிக்குத் தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும்.

அந்த வண்டலால் யாருக்கு என்ன? சிக்மகளூர் மலை ஓடைகளில் நடனத் தவளை என்று ஒரு சின்னத் தவளை இருக்கிறது, கொட்டிகெஹாரா என்ற ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள், குதிரேமுக்குக்குப் பக்கத்து மலைதான். கட்டை விரல் அளவுகூட இருக்காது. ஓடை இரைச்சலில் கத்தினால் மட்டும் போதாது என்று ஆண் தவளை பாறையில் உட்கார்ந்து பின்னங்காலை நீட்டி ஆட்டிச் சைகை காட்டும். பெண் தவளை ஓடையின் ஆழமில்லாத இடத்தில், தண்ணீருக்கு அடியில், பின்னங்கால்களால் சல்லியைத் தள்ளிக் குழி பறித்து முட்டையிட்டு, மூடிவிட்டுப் போகும். தலைப்பிரட்டைகளும் அந்த மணலுக்குள்ளேயே வளரும். அதாவது கல்லுக்கும் மணலுக்கும் நடுவே சலசலத்து ஓடும் தெளிந்த நீர்தான் அவற்றுக்கு மூச்சு. நுண்ணிய தூள் வந்து அந்த இடுக்கையெல்லாம் அடைத்துவிட்டால் முட்டைக்குக் காற்று ஏது? மேலே காடு பச்சையாகத்தான் இருக்கும், சாட்டிலைட் படத்தில் எல்லாம் சரியாகத்தான் தெரியும், ஒரு மரம்கூட வெட்டப்படாத இடத்தில், சுரங்கத்திலிருந்து எத்தனையோ கிலோமீட்டர் கீழே, ஓடை வெறுமையாகியிருக்கும்.

அதே வண்டல்தான் கீழே லக்கவள்ளியில் பத்ரா அணையில் போய்ப் படிகிறது. சிவமொக்கா, தாவணகெரே பக்கத்து விவசாயிகளுக்குத் தண்ணீர் அங்கிருந்து. குதிரேமுக் போராட்டத்தில் காட்டுயிர் ஆர்வலர்கள் மட்டும் இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். நெல்லும் பாக்கும் விளைவிக்கிறவர்களும் கூட நின்றதால்தான் அது அரசின் காதில் விழுந்தது.

வழக்கில் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. நீலகிரியில் கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதைப் பார்த்துப் பொறுக்காமல் நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவுதான் காடு என்றால் என்ன என்பதையே நாடு முழுமைக்கும் விரித்துச் சொன்னது. முடியாமல் நீண்டுகொண்டே போன அதே வழக்கின் உள்ளே ஒரு மனுவாகத்தான் குதிரேமுக்கும் போனது. மனுப் போட்டவர் கே.எம். சின்னப்பா, நாகரஹொளேயில் வனச்சரகராக இருந்து கள்ளவேட்டைக்காரர்களோடு மல்லுக்கட்டிய குடகுக்காரர். சுரங்கத்தின் 30 வருடக் குத்தகை 1999-லேயே முடிந்துவிட்டது, தற்காலிக நீட்டிப்பில் ஓடிக்கொண்டிருந்தது, நிறுவனமோ இன்னும் இருபது வருடம் வேண்டும், தொடாத மேட்டையும் தோண்ட வேண்டும் என்று கேட்டது. 2002 அக்டோபர் 30-ல் தீர்ப்பு: 2005 கடைசியோடு நிறுத்த வேண்டும். நிறுத்தினார்கள். கூடலூரில் விழுந்த மரத்துக்காக ஒருவர் போட்ட வழக்கு எங்கோ சிக்மகளூரில் ஒரு மலையைக் காப்பாற்றியிருக்கிறது, சின்னப்பாவும் 2024-ல் காலமாகிவிட்டார். இவர்கள் பெயரெல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துகிற பகுதி ஒன்று உண்டு, அதையும் சொல்லாமல் விடக்கூடாது. மலையை வெட்ட ஒரு கம்பெனிக்கு அனுமதி இருந்த அதே காலத்தில், அந்தக் காட்டிலேயே தலைமுறைகளாக இருந்த மலேகுடியா பழங்குடிகளும் சிறு விவசாயிகளும் பூங்கா என்ற பெயரில் எப்போது வெளியே போகச் சொல்வார்களோ என்ற பயத்தில் வாழ்ந்தார்கள். தேன் எடுக்கப் போனால் விசாரணை, டைனமைட் வைத்தால் ஏற்றுமதி. 2000-த்தை ஒட்டி அந்த மலைகளில் நக்சல்கள் காலூன்றியதற்கு இந்தக் கோபமும் ஒரு காரணம். அதேபோல் சுரங்கம் மூடியபோது வேலை போனவர்களும் மனிதர்கள்தான், ஒரு ஊரே காலியானது. விலங்குக்காகப் பேசுகிறவர்கள் இவர்களைப் பற்றியும் பேச வேண்டும், இல்லாவிட்டால் "உங்களுக்குக் குரங்குதானே முக்கியம்" என்ற கேள்விக்கு நேராக நின்று பதில் சொல்ல முடியாது.

இப்போது போனால் என்ன தெரிகிறது? கார்களாவிலிருந்து களசா போகும் ரோட்டில் மலை மேலே ஏறி வந்தால், சுற்றிலும் வளைவு வளைவாக இருக்கும் மலைகளுக்கு நடுவே ஒரு மலை மட்டும் படிக்கட்டு மாதிரி வெட்டப்பட்டு நிற்கும். மழைக்காலத்தில் அதுவும் பச்சையாகத்தான் தெரிகிறது, கூட வந்தவர்கள் "பார், திரும்பி வளர்ந்துவிட்டதே" என்பார்கள். கிட்டே போய் எது வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மறுசீரமைப்பு என்ற பெயரில் இங்கே லட்சக்கணக்கில் கன்று நட்டார்கள், அவற்றில் நிறைய அகேசியா, ஆஸ்திரேலியா பக்கத்து மரம், எந்த மண்ணிலும் சீக்கிரம் வளரும் என்பதால். அதன் கீழே நம் சோலை விதை எளிதில் முளைக்காது, காட்டுமாடு மேய அங்கே புல்லும் இல்லை. புல்வெளியை வெறும் பொட்டலாக நினைத்து மரம் நடும் வியாதி நமக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிறது, நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வாட்டில் என்கிற சீகை மரமும் யூக்கலிப்டசும் பைனும் நட்டுப் புல்வெளியை அழித்துவிட்டு இப்போது காசு கொடுத்து அவற்றைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். எத்தனை மரம் நட்டோம் என்று விளம்பரப்படுத்துகிற எந்தச் சுரங்கக் கம்பெனியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது என்ன மரம், எந்த இடத்தில் என்றுதான்.

லக்யா அணை அப்படியே இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் ஒரு பெரிய சமதளம். சுற்றியிருக்கும் மலைகளில் அத்தனை பெரிய சமதளம் இல்லை, பார்த்ததும் கண்ணுக்கு என்னவோ தப்பாகப் படும். ஒரு பள்ளத்தாக்கையே வாய்வரை அரைத்த பாறையால் நிரப்பி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்த ஓடை, கரையோரச் சோலை, அதில் என்னென்ன இருந்ததோ எல்லாம் உள்ளே. 6,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடத்தில் அந்த அணையை ஒவ்வொரு வருடமும் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இந்தத் தலைமுறை, அடுத்த தலைமுறை, அதற்கடுத்த தலைமுறை என்று. சுரங்கம் ஓடியது இருபத்தைந்து வருடம். காவல் காக்க வேண்டியதற்கு முடிவு தேதி கிடையாது. எந்தத் திட்ட அறிக்கையிலாவது இந்தச் செலவை லாபத்திலிருந்து கழித்துக் காட்டியிருக்கிறார்களா?

2012-ல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது அதில் குதிரேமுக்கும் ஒரு தொகுதி. குதிரேமுக்கைத் தோண்டிய அதே கம்பெனி இப்போது பெல்லாரி மாவட்டம் சண்டூரில் தேவதாரி மலையில் இரும்புக்காக முயல்கிறது, 2024-ல் மத்திய அமைச்சர் அந்தக் கோப்பில் கையெழுத்திட்டதும் கர்நாடகத்தில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அங்கேயும் பேச்சு எத்தனை ஹெக்டேர், எத்தனை மரம் என்றே போகிறது.

நம் ஊரில் அரிட்டாபட்டியிலும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலத் தொகுதி 2,015 ஹெக்டேர், அதில் பல்லுயிர் மரபுத் தலம் 193 ஹெக்டேர்தான், அதை மட்டும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் தோண்டலாமா என்று பார்க்கச் சொன்னார்கள். அந்தக் குன்றுப் பாறையில் கூடு வைத்திருக்கும் வல்லூறு இரை தேடுவது சுற்றியிருக்கும் வயலிலும் கரட்டிலும் கண்மாயிலும், தேவாங்கு இருப்பதும் கோட்டுக்கு உள்ளே மட்டும் இல்லை. மேலூர் சனங்கள் அந்தச் சமரசத்தை ஏற்கவில்லை, முழுசாக ரத்து என்றார்கள், 2025 ஜனவரி 23-ல் ரத்தானது. ஆனால் அதே வருடம் செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணு கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் மக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று சுற்றறிக்கை விட்டிருக்கிறது, டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது. அரிட்டாபட்டியில் சனங்கள் திரண்டதைப் பார்த்த பிறகு இப்படி ஒரு விலக்கு வருவது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

மற்றச் சுரங்கங்களுக்கு, பெரிய குவாரிகளுக்கு, இன்னும் கருத்துக்கேட்பு உண்டு, குறைந்தது 30 நாள் முன்னால் அறிவிப்பு தர வேண்டும். உங்கள் மலைக்கு வந்தால் போங்கள். போய் ஹெக்டேரைப் பற்றிப் பேசாதீர்கள், அவர்கள் அதற்குத் தயாராக வந்திருப்பார்கள். லாரி எந்த வழியாகப் போகும், ராத்திரியும் ஓடுமா, மின்பாதை எங்கே, கழிவை எந்த ஓடையில் கொட்டப்போகிறீர்கள், சுரங்கம் மூடிய பிறகு அந்தக் கழிவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். விலங்கு ஆய்வு எந்த மாதத்தில் நடந்தது என்று கட்டாயம் கேளுங்கள். பெரும்பாலும் மழைக்காலத்தைத் தவிர்த்துவிட்டு ஒரே ஒரு பருவத்தில் மூன்று மாதம் எடுத்த தரவுதான் அறிக்கையில் இருக்கும், மலையில் தவளையிலிருந்து இருவாச்சிவரை யார் யார் இருக்கிறார்கள் என்று அதை வைத்து எழுதிவிடுவார்கள். தமிழில் தரும் சுருக்கத்தில் இந்தத் தேதியெல்லாம் இருக்காது. முழு வரைவு அறிக்கை கலெக்டர் அலுவலகத்தில் இருக்க வேண்டும், அலுவலக நேரத்தில் யார் போய்க் கேட்டாலும் காட்ட வேண்டும்.